கோழிக்கு வந்த அம்மை

ஐப்பசி மழை விட்ட வாரம். கன்னடியன் கால்வாய்க் கரையில் இருக்கும் எங்கள் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். காரணம் கேட்டேன். "அவ வீட்டுக் கோழிக்கு அம்மை போட்டிருக்கு. எங்களுக்கும் ஒட்டிக்கிடும்லா டீச்சர்!"

ஒட்டாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. கோழி அம்மையின் வைரஸ் வேறு, நமக்குச் சின்னம்மை தரும் வைரஸ் வேறு. கோழி அம்மை கொசுக்கடியாலும் காயங்கள் வழியாகவும் கோழிகளுக்குள் பரவும், மனிதருக்கு வராது. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு இதைத்தான் பேசினோம்.

மாலையில் அந்தக் கோழியைப் பார்த்தேன். கொண்டையிலும் இமைகளிலும் கருத்த பொருக்குகள். இரு கண்களும் ஒட்டியிருந்தன. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆனால் கண் மூடிய கோழி பல நேரம் அம்மையால் சாவதில்லை. இரை தெரியாமல் பட்டினியால் சாகிறது.

பஞ்சாரத்தில் தனியே விட்டோம். வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைத்தாள். பொருக்கைப் பிய்க்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். குருணைச் சோற்றைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக ஊட்டினாள். தண்ணீர் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். கண்ணுக்குள் படாமல் பூசச் சொன்னேன், அவ்வளவுதான். தடுப்பூசி, நலமாக இருந்த மற்ற கோழிகளுக்கு மட்டும். கால்நடை மருத்துவர் இறக்கைச் சவ்வில் குத்தினார்.

பதினெட்டாம் நாள் பொருக்குகள் உதிர்ந்தன. அதற்குள் வகுப்பில் அவள் பக்கத்து இடமும் நிறைந்திருந்தது. கோழிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்து இரை பொறுக்குகிறது.