வினை முற்றிய பின்னும்

முல்லைப் பாட்டுக்களிலே வினைமுற்றி மீளும் தலைவனை மாணவர்க்கு விளக்குவது முன்னெல்லாம் எளிது. வேந்தன் ஏவிய வினை முடிந்தது; தேர் வீடு நோக்கித் திரும்பிற்று; பாசறை பின்னே கிடந்தது. சென்ற ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வீட்டுக்கு வந்தபின் வேந்தன் வட்ஸ்அப்பில் அழைத்தால்?" என்றான். வகுப்பு நகைத்தது. அவன் தாயார் கொழும்பில் ஓர் அலுவலகத்திற் பணியாற்றுபவர் என்பதை அறிந்த எனக்கு நகை வரவில்லை.

எங்கள் இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்திலே தொழில் புரிவோர் கருவியைக் கீழே வைத்துக் கைகழுவிப் புறப்படுவர். கருவி அங்கேயே கிடக்கும். எழுத்துவேலை செய்வோர்க்கோ கருவி சட்டைப்பையிலே கூடவே வருகின்றது. இந்நாட்டின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி என எல்லை வகுத்தது. மேலதிக நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கூலியும் விதித்தது. தந்தியும் தபாலும் செய்தி சுமந்த காலத்துச் சட்டம் அது. இரவு பத்து மணிக்கு வரும் இரண்டுவரிச் செய்தி எந்தப் பதிவேட்டில் ஏறும்?

ஆசிரியர் கதையைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. பிள்ளைகளுக்காக விரும்பியே செய்தோம். இணையக் கட்டணத்தையும் கைப்பொருளாற் கட்டினோம். 2021 ஜூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகியதற்குச் சம்பள முரண்பாடே பெருங்காரணம்; இரவுச் செய்திகளைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. நோய் தணிந்தது, வகுப்பறை திறந்தது. வட்ஸ்அப் குழு மட்டும் மூடப்படவில்லை.

நானறிந்த ஒரு பாடசாலையிலே இரவு 10.40க்கு, "புள்ளிப்பட்டியல் காலையில் வேண்டும்" என அதிபர் அறிவித்தார். கைக்குழந்தையுடைய இளம் ஆசிரியை ஒருவர் இரண்டு மணிவரை விழித்திருந்து முடித்தார். பட்டியல் மூன்று நாள் அதிபர் மேசையிற் கிடந்தது.

தொலைபேசியை அணைத்து வைப்பதுதானே என்பார் உளர். செய்தி படிக்கப்பட்டதா என்பதை நீலக்குறி காட்டிக்கொடுக்கும். படிக்காதவர் யாரென்பதும் தெரிந்துவிடும். நிரந்தர நியமனம் பெறாத ஒருவரால் அதை அணைக்க இயலுமா? எல்லையை அனுப்புகின்றவரே வகுத்தல் வேண்டும். பிரான்சிலே 2017 ஜனவரி 1 முதல், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியருள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளரோடு பேசியாக வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நியாயமற்ற மறுப்பு அல்லாதவரை, வேலைநேரத்திற்குப் புறம்பான செய்திக்கு ஊழியர் மறுமொழி கூறாது விடலாம்.

இரவுச் செய்தி யாவும் தீதென்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது நள்ளிரவுச் செய்தியும் வேண்டியதாகவே இருந்தது. புள்ளிப்பட்டியல் வெள்ளமன்று.

அப்பாடசாலையில் மூத்த ஆசிரியர் நால்வர் அதிபரிடம் சென்றனர். இளையோரை அனுப்பாதது நன்று. மாலை ஏழுக்குப்பின் இடர், மரணம், பாடசாலை மூடல் ஆகிய மூன்றுக்கே செய்தி என்று முடிவாயிற்று. முதல் வாரத்தில் அதிபர் இருமுறை மீறினார். இப்பொழுது இரவில் எழுதிவைத்துக் காலை ஆறரைக்கு அனுப்புகின்றார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் பேசி முடியவில்லை.