அடுத்தவர் ஆட்டத்தை நான்கு மணி நேரம் ஏன் பார்க்கிறார்கள்?

ஒரு மேசை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். காகிதம், பென்சில், பகடை. நான்கு மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். 2015 மார்ச்சில் ட்விட்ச் நேரலைத் தளத்தில் தொடங்கியது. 2019இல் இதன் கதையை அனிமேஷனாக எடுக்க ரசிகர்களிடம் ஏழரை லட்சம் டாலர் கேட்டார்கள். ஒரு கோடியே 13 லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தது.

ஆடுவது 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. ஒருவர் கதைசொல்லி, இங்கே முதல் மூன்று கதைகளுக்கு மேத்யூ மெர்சர். ஊர், காடு, அரக்கன், கடைக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் போதாது. 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டினால்தான் கதவு உடைந்ததா, தோள் உடைந்ததா என்று தெரியும்.

சுவாரசியத்தின் ஊற்று இங்கேதான். சினிமாவில் கதாநாயகன் பிழைப்பான் என்று நமக்குத் தெரியும். இங்கே கதைசொல்லிக்கே தெரியாது. 2018 ஜூலையில், கடத்தப்பட்ட தோழர்களை மீட்கப் போன சண்டையில் மாலிமாக் என்ற பாத்திரம் செத்துப்போனது. ரசிகர்களுக்குப் பிடித்த பாத்திரம், இரண்டாவது கதையின் 26ஆவது பகுதியிலேயே போய்விட்டது. அதை ஆடிய டாலியசின் ஜாஃபி புதுப் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். பாத்திரம் சாகக்கூடும் என்று ஒருமுறை கண்டுவிட்டவர், அடுத்த உருட்டலில் கண்ணை எடுக்கமாட்டார்.

இதே வகையைச் சேர்ந்த ‘டைமென்ஷன் 20’ நிகழ்ச்சிக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். உயிர் போகிற உருட்டல் என்றால் தனியாக ஒரு பெட்டி வரும். அதற்குள் விழும் பகடையை கேமரா நெருங்கிக் காட்டும். தாயம் விழுமா என்று திண்ணையைச் சுற்றி நின்ற கூட்டத்தின் பதைப்புதான், கேமரா வைத்து.

ஆனால் பகடை மட்டும் போதுமென்றால் சூதாட்ட விடுதியைக் காட்டினாலும் பார்ப்பார்களே! ‘கிரிட்டிக்கல் ரோல்’ குழுவினர் தொழில்முறைக் குரல் நடிகர்கள். குரல் மாற்றிப் பேசுவது அவர்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அடுத்தவர் பேசும்போது அவர்கள் கேட்கும் விதம். பேசாதவர் முகமும் திரையில் இருந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் பாத்திரம் அழும்போது எதிரே இருப்பவருக்கு நிஜமாகவே கண் கலங்குகிறது. ஒளிபரப்புக்கு முன்பே வீட்டில் சேர்ந்து ஆடிய நண்பர்கள். கிண்டலும் உரிமையும் அங்கிருந்து வந்தவை. பெரிய எதிரி விழும்போது, எப்படி முடிக்கிறாய் என்று கேட்டு, அந்தக் காட்சியைச் சொல்லும் உரிமையை ஆட்டக்காரரிடமே மெர்சர் விட்டுவிடுவார். கதைசொல்லி வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

இதைப் பார்த்து, விலையுயர்ந்த அரங்கும் விளக்கும் வாங்கிப்போட்டால் கூட்டம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தன் முறை வரும்வரை கைபேசியை நோண்டும் ஆட்டக்காரர் ஒருவர் போதும், எல்லாம் வீண்.

குறையும் உண்டு. சண்டைக் காட்சிகள் இழுக்கும். விதியைப் புரட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போகும். ‘கிரிட்டிக்கல் ரோல்’ முதல் கதை மட்டும் 115 பகுதிகள். புதிதாகப் பார்ப்பவர்கள், வெட்டித் தொகுத்துச் சுருக்கமாக வரும் ‘டைமென்ஷன் 20’இல் தொடங்குவது நல்லது.