மும்பை வீட்டில் டாரன்டுலா

டாரன்டுலா, உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி. தெரபோசிடே எனும் இதன் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வீட்டுச் சிலந்தியைப் போல வலை கட்டி இரை விழக் காத்திருக்காது. மண் வளையிலோ மரப்பொந்திலோ பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும். சத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது, வாரத்துக்கு ஓரிரு பூச்சி தந்தால் போதும். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓர் அறையில் குடும்பமே வாழும் வீடுகளில் இதன்மீது சிலருக்கு ஆசை பிறப்பது இயல்புதான். ஆனால் பெண் சிலந்தி 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பள்ளி மாணவர் வாங்கினால், அவருக்கு வேலை கிடைத்துத் திருமணம் ஆன பிறகும் அது கூடவே இருக்கும். ஆண் பருவமடைந்தபின் நெடுநாள் தங்காது.

சிலந்தி எங்கிருந்து வந்தது என்பதை வாங்குமுன் தீர விசாரிக்க வேண்டும். 2021 ஜூலையில், போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. அவற்றில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்கு உட்பட்ட, அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் இருந்தன. இறக்குமதி உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாததால் அவற்றைப் போலந்துக்கே திருப்பியனுப்ப முடிவானது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வந்தன. பதிவு, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். புதியவர்கள் அதிகம் விரும்பும் மெக்சிகோவின் செம்முழங்கால் டாரன்டுலாவும் அந்தப் பட்டியலில் இருப்பதுதான். காகிதம் காட்டாத வியாபாரியிடம் வாங்கவே கூடாது.

மலை பக்கத்தில்தானே இருக்கிறது, ஒன்றைப் பிடித்து வந்தால் என்ன என்று தோன்றலாம். கூடவே கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்மேடுகளில் வளை தோண்டி வாழும் கைலோபிராகிஸ், மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா ஆகியவை மெதுவாக வளர்ந்து மெதுவாகப் பெருகும் இனங்கள். ஆந்திரத்தின் குத்தியில் கிடைத்த நீலநிறப் பொயிசிலோதீரியாவை விலங்கியலாளர் போகாக் 1899இல் விவரித்தார். நூறாண்டு கழித்து நந்தியால் அருகே ஒரு சிறு காட்டில்தான் அது மறுபடி தென்பட்டது. இன்று மிக அருகிய இனம். பொயிசிலோதீரியா முழுவதும் 2019இல் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தது.

பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தில் வாழும் இனத்துக்குக் கால் விரிப்பைப் போல மூன்று மடங்கு நீளம் போதும். உயரம் குறைவாக இருப்பதே நல்லது. ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து சாகலாம். அடியில் நான்கு அங்குலத்துக்குத் தென்னைநார்த் தூளைப் போட்டு அழுத்தி, தாராவி கும்பார்வாடாவில் கிடைக்கும் மண்சட்டி ஒன்றைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்தால் பதுங்குமிடம் தயார். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் அவசியம். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் சூடேற்றி மும்பைக்குத் தேவையில்லை. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் தெளித்தால் பூஞ்சைதான் பிடிக்கும். தட்டில் சிறிது நீர் இருந்தால் போதும்.

இங்கு பெரிய எமன் பூச்சிமருந்து. குடியிருப்புச் சங்கம் கரப்பானுக்கு மருந்தடிக்கும் நாளில் பெட்டியை வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சமையலறைக் கரப்பானை உணவாகப் போடவும் கூடாது. அதன் உடலில் அதே விஷம் இருக்கலாம். இதற்கென வளர்த்த சுவர்க்கோழிகளே பாதுகாப்பானவை.

புதியவர்களைக் கலங்கவைப்பது சட்டை உரிக்கும் நாள். அதற்குமுன் சில நாளோ சில வாரமோ சிலந்தி உணவைத் தொடாது. பிறகு மெல்லிய பட்டுப்பாய் நெய்து, அதன்மேல் மல்லாந்து படுக்கும். செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டுவிடுபவர்கள் உண்டு, தொடவே கூடாது. செத்த சிலந்தியின் கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டிருக்கும். உரிக்கும் சிலந்தி, தலைப்பகுதியின் மேலோடு பிளக்க, எட்டுக் கால்களையும் பழைய தோலிலிருந்து ஒவ்வொரு கணுவாக இழுத்து வெளியே எடுக்கும். பெரிய சிலந்திக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெளிவந்த கோரைப்பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகே உணவு. அதுவரை ஒரு சுவர்க்கோழிகூட உள்ளே இருக்கக் கூடாது. மென்மையான உடலை அது கடித்துவிடும்.

கையில் எடுத்து விளையாடுவதால் சிலந்திக்கு எந்தப் பயனும் இல்லை, ஆபத்து மட்டுமே. அமெரிக்க இனங்கள் பல வயிற்று மயிரை உதறும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டிவரும். இந்திய இனங்களுக்கு அந்த மயிர் இல்லை, ஆனால் நஞ்சு அமெரிக்க இனங்களுடையதைவிடக் கடுமை. பொயிசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டுவிட்டு வரலாம். சோப்பு நீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் ஆரே காட்டிலோ சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலோ விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டு நோயையும் ஒட்டுண்ணியையும் அது உள்ளூர் இனங்களுக்குக் கொண்டுபோகலாம். முறைப்படி பதிவு மாற்றி, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் வனத்துறையை அணுக வேண்டும்.