துவேஷம் ஒழியும் வழி

ஜாதித் துவேஷத்தை உபதேசத்தால் மட்டுமே ஒழித்துவிடலாமென்று நம்புவோர் ஸ்ரீரங்கத்தைச் சற்றே சிந்தித்தல் நலம். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தம் தோள்மீது சுமந்து சென்று அரங்கன் சந்நிதியில் சேர்த்தார் என்ற வரலாற்றை அறியாத ஸ்ரீரங்கவாசி எவருமில்லை. எத்தனையோ தலைமுறைகளாக அதைக் கேட்டு உருகியிருக்கிறோம். ஆயினும், தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சென்னை மாகாணமெங்கும் ஆலயப் பிரவேச உரிமை 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் கிடைத்தது. கேட்டு உருகும் நெஞ்சம் வேறு, மாறும் நெஞ்சம் வேறு என்பதற்கு இதனினும் அத்தாட்சி வேண்டுமோ?

அருகருகே வசிப்பதனாலேயே துவேஷம் கரைந்துவிடுமென்பதும் மயக்கமே. அக்கிரகாரமும் சேரியும் ஒரே ஊரில்தான் இருந்தன. ஹார்வர்ட் சர்வகலாசாலையின் மனோதத்துவ நிபுணர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் வெளியிட்ட நூலில், இரு வகுப்பார் கலந்து பழகுவது நற்பயன் தருவதற்கு உதவும் நான்கு நிலைமைகளை எடுத்துரைத்தார். பழகுமிடத்தில் இருவரும் சமானஸ்தராயிருத்தல் ஒன்று; பொதுவான நோக்கமிருத்தல் இரண்டு; அதற்காக ஒருவருக்கொருவர் துணையாக உழைத்தல் மூன்று; சட்டமும் அதிகாரிகளும் அவ்வுறவை ஆதரித்தல் நான்கு. இவ்விஷயம் பற்றிய ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி 2006-இல் பரிசீலித்தபோது, பழக்கம் பொதுவாகத் துவேஷத்தைக் குறைக்கிறதென்றும், இந்நிலைமைகள் கூடியிருந்தால் பயன் மிகுகிறதென்றும் தெரியவந்தது.

இவ்வுண்மைக்கு நம் ஜில்லாவின் சரித்திரமே சாட்சி. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.ஸு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் குருகுலம் நிறுவினார். பல ஜாதிப் பிள்ளைகளும் அங்கே ஒருங்கே கற்றனர். தேசத்தொண்டு என்னும் பொது நோக்கமும் இருந்தது. ஆனால், பெற்றோரின் வற்புறுத்தலுக்கிணங்கி இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. பரந்த நோக்கமும் பெருந்தியாகமும் உடைய ஒருவர் நடத்திய ஸ்தாபனம் அந்த ஒரு பந்தி வித்தியாசத்தால் கலகலத்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸிலும் பிளவு நேர்ந்தது. சமானம் என்ற அச்சாணி இல்லாவிடில் தேர் ஓடாது.

மற்றொரு காட்சியும் உண்டு. 1930 ஏப்ரல் 13-இல், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் வழி நெடுகக் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பிரசாரம் செய்தார்கள். அவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவரென்று தஞ்சை கலெக்டர் தார்ன் அச்சுறுத்தியும் ஜனங்கள் அஞ்சவில்லை. ஒரே வெயில், ஒரே பசி, ஒரே சிறை என்று வந்தபின் பக்கத்தில் நடப்பவனின் குலம் கோத்திரத்தை யார் விசாரிப்பார்?

இக்காலத்திலும் இதற்குப் பிரமாணம் உண்டு. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் 1,200-க்கு மேற்பட்ட வாலிபர்களைக் கொண்டு கிரிக்கெட் பந்தயங்கள் நடத்தி ஒரு பரீட்சை செய்தார்கள். பல ஜாதியாரும் கலந்த அணியில் ஆடினவரிடையே ஜாதி கடந்த நட்பு பெருகிற்று. எதிரணியாகவே சந்தித்தவரிடமோ அப்பயன் விளையவில்லை; நட்பு குறையவும் செய்தது. துவேஷ நிவாரண முயற்சிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு, ஒருநாள் போதனை போன்ற இலேசான முறைகளின் பலன் நீடிப்பதற்குப் போதிய சான்றில்லை என்கிறது.

இதை நாம் இன்று எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் சிலர் தம்முடன் படிக்கும் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பேரில் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, ஜாதி காட்டும் வர்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடுக்கவேண்டுமென 2024-இல் சிபாரிசு செய்தது. அது முற்றும் நியாயமே. ஆயினும், கயிற்றை அறுத்துவிட்டு மாணவனைத் தனியே விட்டால் அவன் வேறொரு அடையாளத்தைத் தேடிக்கொள்வான். கயிறு இருந்த இடத்தில் தோழமை வரவேண்டும்.

திருச்சியில் இதற்கு வசதி நிரம்ப உண்டு. கிறிஸ்தவர், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் நிறுவிய கல்லூரிகள் அருகருகே நிற்கின்றன. அவை பந்தயத்தில் எதிரெதிராக நிற்பதோடு அமையாமல், மாணவரைக் கலந்து அணி அமைத்து, காவிரிக் கரையைத் துப்புரவு செய்தல், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நிவாரணம் செய்தல் முதலிய பணிகளை மாதக்கணக்கில் ஒப்படைக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் தலைமை முறை வைத்து மாறட்டும். பந்தி ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எச்சரிப்போம். நட்பு உரிமைக்கு ஈடாகாது. சிரித்துப் பழகுகிறோமே, இன்னும் என்ன கோரிக்கை என்று கேட்பது தோழமையன்று. அது வாயடைக்கும் தந்திரம். சட்டம் காவல் நிற்க, சமானம் அடித்தளமாக, உழைப்பு கைகோக்கட்டும். லோகசாரங்கரின் தோளைப் புகழ்ந்தது போதும். அவரவர் தோளைக் கொடுக்க நம்மவர் முன்வருவாராக.