பலகைக்கு அடியில் எத்தனை ஃபின்?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கதிரவெளியில் கடலுக்குப் போவது பெரும்பாலும் மீன்பிடிக்கத்தான். அலைச்சறுக்குப் பலகையோடு அலை தேடி இந்தக் கரைக்கு வருகிறவர்கள், பாசிக்குடாவின் ஆழமில்லாத அமைதியான கடலையும் விட்டுவிட்டு, மட்டக்களப்புக்குத் தெற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்ப் பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் இறங்குவார்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, தெற்கே இந்து சமுத்திரத்தில் எங்கோ எழும்பும் புயல்களின் அலைகள் அந்தக் குடாவின் கடல்முனையில் வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக உடைந்துகொண்டே போகும். தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று அலையின் முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். கரையை நோக்கி வருபவருக்கு வலப்பக்கமாக நீண்ட ஓட்டம் கிடைக்கும்.

அங்கே பலகை வாடகைக்கு எடுப்பவர்கள் நீளத்தையும் நிறத்தையும் பார்ப்பார்கள். கவிழ்த்து, அடியில் உள்ள, மீன் செட்டை போன்ற ஃபின்களை எண்ணுபவர் குறைவு. ஆனால் அந்த அலையில் ஒருவர் எப்படித் திரும்புவார் என்பதில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது.

தோணியின் சுக்கான் மாதிரி ஃபின் அசையாது. காலால் அழுத்திப் பலகையை ஒரு விளிம்பில் சாய்க்கும்போதுதான் பலகை திரும்புகிறது; வால் பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வது ஃபின்னின் வேலை. ஹவாயில் நெடுங்காலம் ஃபின் இல்லாமலேதான் சறுக்கினார்கள். 1935இல் டொம் பிளேக் என்ற அமெரிக்கர் பழைய வேகப்படகு ஒன்றின் அடிக்கட்டையை எடுத்துத் தன் பலகையில் பொருத்தினார்.

நடுக்கோட்டில் ஒற்றை ஃபின் உள்ள நீளப் பலகை அவசரப்படாது. வாலை அழுத்தி அகலமாகத்தான் வளைக்க வேண்டும். ஃபின் வாலைப் பிடித்துக்கொள்வதால் நுனிவரை நடந்துபோய் நிற்கலாம். ஃபின்னைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பூட்டினால் பலகை இலகுவாகத் திரும்பும், பின்னே தள்ளினால் விறைப்பாகும்.

இரட்டை ஃபின் அதற்கு நேர் எதிர். இரண்டும் விளிம்புகளுக்கு அருகில் இருக்கும், நடுவில் எதுவும் இல்லை. சிறிய அலையில் வேகமாக ஓடும், சட்டென்று திரும்பும். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சம்பியனான அவுஸ்திரேலியர் மார்க் ரிச்சர்ட்ஸின் ஆயுதம் இதுதான். செங்குத்தான பெரிய அலையில் மட்டும் இதன் வால் வழுக்கும்.

ரிச்சர்ட்ஸோடு போட்டியிட்ட சைமன் அன்டர்சன் ஆஜானுபாகுவான மனிதர். இரட்டை ஃபின் அவருக்கு ஒத்துவரவில்லை. 1980இல், நண்பர் ஒருவரின் இரட்டை ஃபின் பலகையில் வாலோரம் ஒரு சின்ன மூன்றாவது ஃபின்னைக் கண்டார். மூன்றையும் ஒரே அளவில் வைத்தால் என்ன என்று செய்து பார்த்தார். 1981இல் அவுஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் அலைகள் மலைபோல் எழுந்தன, அவர் வென்றார். காப்புரிமை எடுக்கவில்லை, உலகம் முழுக்க நகல் எடுத்தது.

இந்த மூன்றில் பக்க ஃபின்களைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் குவிந்திருக்கும், உட்பக்கம் தட்டையாக இருக்கும். முன்முனைகள் பலகையின் மூக்கை நோக்கி உள்ளே சற்றுத் திரும்பியிருக்கும்; நுனிகள் வெளியே சாய்ந்திருக்கும். பலகையைச் சாய்த்ததும் தண்ணீர் இவற்றில் கோணமாக மோதித் தள்ளுவதால் திருப்பம் உடனே பிடிக்கும். ஆனால் நேரே போகும்போது அதே கோணம் இழுவையாகிறது. அதனால் மூன்று ஃபின் பலகையில் சும்மா நின்றால் வேகம் வற்றும். வளைந்து வளைந்து உந்திக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பங்களுக்குப் புள்ளி தரும் போட்டிகளில் இது கோலோச்சுவது இதனால்தான். 2019 செப்டெம்பரில் அறுகம் குடாவில் உலக சேர்ஃப் லீக் நடத்திய போட்டியும் அந்த வகைதான். அலை சோம்பலாக இருக்கும் நாளில் போட்டிப் பலகையைத் தூக்கிப் போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஃபின் வைத்தால் நடு ஃபின்னின் இழுவை போய்விடும். உடையும் அலையை முந்தி நீளமாக ஓட இது நல்லது. உச்சியில் சுழன்று திரும்ப அவ்வளவு சுகமில்லை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வடிவம் வேறுபடுத்தும்: பின்னோக்கிச் சரிந்த ஃபின் அகல வளைவுக்கு, நிமிர்ந்தது குறுகிய வளைவுக்கு.

குடாவின் உள்ளே, புதியவர்கள் விழுந்தெழும் பேபி பொயின்ற்றில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அங்கே வேண்டியது வளையும் மென்மையான ஃபின். விழும்போது தொடையைக் கிழிப்பது பெரும்பாலும் சொந்தப் பலகைதான்.