கேப்டனுக்கு லீவு, பூனைகள் ஆஜர்!

கேப்டன் கிர்க் இல்லை. எண்டர்பிரைஸ் விண்கப்பல் தலையே காட்டாது. ஆனாலும் அது ஸ்டார் ட்ரெக்! 1973 டிசம்பர் 15, சனிக்கிழமை, அமெரிக்கச் சுட்டிகள் என்பிசி சேனலில் பார்த்த கார்ட்டூன் எபிசோடு ‘தி ஸ்லேவர் வெப்பன்’. வாங்க, சத்தம் போடாமல் திரைக்குப் பின்னால் போய் ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

முதல் ரகசியம்: இந்தக் கதை ஸ்டார் ட்ரெக்குக்காகப் பிறந்ததே அல்ல. லாரி நிவென் 1967-இல் ‘இஃப்’ பத்திரிகையில் எழுதிய ‘தி சாஃப்ட் வெப்பன்’ என்ற கதை அது. ‘நோன் ஸ்பேஸ்’ என்று அவர் தனியாகவே ஓர் அண்டம் கட்டிவந்தார், அதில் நடப்பது. கார்ட்டூன் தொடரின் கதை இலாகாவைக் கவனித்த டி.சி. ஃபொன்டானா அவரை எழுத அழைக்க, கடைசியில் அந்தக் கதையே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூலத்தின் கணவன் மனைவி இடத்தில் எண்டர்பிரைஸ் குழுவின் சுலுவும் உஹூராவும். சரி, பொருந்துகிறது. மூன்றாவது ஆள்தான் வில்லங்கம்!

அவர் பெயர் நெஸ்ஸஸ். இரண்டு தலை, மூன்று கால். கோழைத்தனமே குலதர்மம் என்று வாழும் இனம். அந்த இடத்தில் யாரை உட்காரவைத்தார் நிவென்? அதே குழுவின் ஸ்பாக்கை! அட, எப்படி ஐயா என்கிறீர்களா? நெஸ்ஸஸ் தாவரம் தின்பவர். ஸ்பாக்கும் சுத்த சைவம். அந்த ஒரு கொக்கி போதும். வில்லன்களான க்ஸின்ட்டிகள் ஆளுயரப் பூனைகள், இறைச்சியே உணவு, சைவக்காரன் என்றால் இளக்காரம். ஸ்பாக் எட்டி ஒரு உதை விட்டதும் பூனைத் தலைவன் சுருண்டு விழுகிறான். சைவக்காரனிடம் உதை வாங்கியவன் உதவிக்கு ஆள் கூப்பிடலாமா? மானம் போகுமே! தானே பழிதீர்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நம்மவர்களுக்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. மூலக் கதையில் கோழை நெஸ்ஸஸ் உதைத்த உதையை இங்கே வீரன் ஸ்பாக் உதைத்தும் கதை ஒரு நூல் பிசகவில்லை. என்னைக் கேட்டால், அந்த 22 எபிசோடு தொடரிலேயே சாமர்த்தியமான வேலை இதுதான்.

தலைவன் பூனையின் குரல் யாருடையது தெரியுமோ? எண்டர்பிரைஸ் இன்ஜினியர் ஸ்காட்டியாக வழக்கமாகப் பேசும் நம்ம ஜேம்ஸ் டூஹன்! இந்த எபிசோடில் ஸ்காட்டி கிடையாது. ஆனால் குரலுக்கு மட்டும் ஓய்வில்லை.

இப்போது பெரிய கிசுகிசு. அண்டமே நடுங்கும் அந்தப் பூனைகள் போட்டிருக்கும் விண்வெளி உடை... பிங்க்! இயக்குநர் ஹால் சதர்லண்டுக்கு நிறக்குருடு, பிங்க் அவர் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தது என்றுதான் ரசிகர்கள் பல காலம் சொல்லிவந்தார்கள். இந்தக் கார்ட்டூனைத் தயாரித்த ஃபில்மேஷன் ஸ்டூடியோவில் வேலைபார்த்த பாப் க்ளைன் பின்னாளில் போட்டு உடைத்தார்: வண்ணப் பிரிவின் பொறுப்பாளர் இர்வ் காப்லானுக்கு பிங்க் என்றால் உயிராம்!

இரவல் பூனைகள் ஊர் திரும்பினவா? எங்கே! 2020-இல் ‘ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்’ தொடரில் ரைக்கர் என்ற கதாபாத்திரத்தின் வாயாலேயே க்ஸின்ட்டி பெயர் வருகிறது. ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூனில் ஒரு க்ஸின்ட்டி, ஸ்டார்ஃப்ளீட் விண்படைச் சீருடை மாட்டிக்கொண்டு கப்பலில் டியூட்டியே பார்க்கிறது. நல்லவேளை, சீருடை பிங்க் இல்லை!