சீனி வருத்தமும் இனிய சொல்லும்

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயரிலேயே அந்த நோயாளியை அவர்கள் எவ்வாறு நடத்துவர் என்பதும் அடங்கிவிடுகிறது. அம்மை கண்டவரை நம் முன்னோர் 'அம்மாள் வருத்தம்' வந்தவர் என்றனர். வாசலில் வேப்பிலை செருகி, அவர் கிடந்த இடத்தைக் கோயிலைப் போலப் பேணினர். நீரிழிவுக்கோ நாம் 'சீனி வருத்தம்' என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தே கேட்பவரின் எண்ணம் நோயாளியின் நாவை நோக்கிச் செல்கிறது. 'சீனியை அள்ளித் தின்றிருப்பார். இப்போது அனுபவிக்கிறார்' என்று, விசாரணை எதுவுமின்றியே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது.

இத்தீர்ப்பைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் நான். கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயனுக்கு அண்மையிலுள்ள ஸ்கந்தபுரம் என் ஊர். வயலும் தோட்டமுமாய் வாழும் இவ்வூரில் ஒருவர்க்கு வந்த நோய் மற்றவர்க்குத் தெரியாமற் போவது அரிது. கலியாண வீட்டுப் பந்தியிற் பாயசம் என் இலையை அணுகும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் எழும்: "மாஸ்ரருக்கு ஊத்தாதேங்கோ, அவருக்குச் சீனியெல்லோ!" பந்தி முழுவதும் திரும்பிப் பார்க்கும். பக்கத்து இலைக்காரர் இரக்கங்கொண்டு, "ஒருநாளைக்குச் சாப்பிட்டால் என்ன? இரவைக்கு ஒரு குளிசை கூடப் போட்டால் சரிதானே" என்பார். மூன்றாமவர் தம் மைத்துனருக்குக் காலெடுத்த கதையை ஆரம்பிப்பார். மூவரும் என்மீது அன்புடையவர்களே. ஆயினும் மூவர் பேச்சிலும் பிழை உண்டு. அன்பினாற் பிறக்கும் இத்தகைய பிழைகள் எவ்வளவு தீங்கு செய்கின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சிறுநீரில் இனிப்பு இருப்பதையும், அது கிடந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதையும் பண்டைய பாரத வைத்தியர் கண்டனர். நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். சுசுருத சங்கிதை இந்நோயாளரை இருவகையாகப் பிரிக்கிறது: பிறவியிலேயே நோய்க்கு உரியவராய் மெலிந்திருப்பவர் ஒரு சாரார், உணவு ஒழுங்கின்மையால் நோயுற்றுப் பருத்திருப்பவர் மற்றொரு சாரார். மேல்நாட்டிலே 1776 இல் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர், நோயாளியின் சிறுநீரில் மட்டுமன்றி இரத்தத்திலும் சர்க்கரை மிகுந்திருப்பதைக் காட்டினார். இவர்கள் யாவரும் கண்டது நோயின் அடையாளத்தை. அடையாளத்தையே காரணமாகக் கொண்டது உலகத்தின் பேதைமை. புகை தென்படும் இடத்தில் நெருப்பைத் தேடுதல் முறை; புகையைத் தின்றதால் வீடு எரிந்தது என்று சொல்வார் உண்டோ?

நெருப்பு இருந்த இடம் 1889 இல் தெரிய வந்தது. மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர், நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. தமிழ்நாட்டார் கணையம் என்று வழங்கும் சதையி சுரக்கும் இன்சுலினே இரத்தத்திலுள்ள குளுக்கோசைக் கலங்களுக்குள்ளே புகச்செய்வது. சிலர்க்கு, பெரும்பாலும் இளம் வயதில், உடலின் காவற்படையே இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பகையென எண்ணி அழித்து விடுகிறது. இது முதலாம் வகை. இதற்கும் தின்ற இனிப்புக்கும் தொடர்பில்லை. வேறு பலர்க்கு இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை; காலப்போக்கிற் சுரப்பும் குறைகிறது. இது இரண்டாம் வகை. பரம்பரை, வயது, உடற்பருமன், உழைப்பின்மை ஆகியன இதற்குத் துணைசெய்கின்றன. சீனியை முற்றாகக் குற்றமற்றது என்று நான் விடுதலை செய்யவில்லை. இனிப்புப் பானங்களை நாள்தோறும் அருந்துவோர்க்கு எடை கூடும். நோய் வரும் வாய்ப்பும் கூடும். எனினும், ஒரே வீட்டில் ஒரே தேநீரைக் குடித்து வளர்ந்த இரு சகோதரரில் ஒருவர்க்கு நோய் வந்து மற்றவர்க்கு வராதிருப்பதைச் சீனி ஒன்றினால் விளக்க இயலாது.

இனி, இதன் மறுபுறமான மயக்கமும் உண்டு. "வெள்ளைச் சீனிதான் கூடாது, பனங்கட்டி நல்லது, தேன் நல்லது, குரக்கன் பிட்டு எவ்வளவும் சாப்பிடலாம்" என்பர். பனங்கட்டியும் தேனும் இரத்தத்திற் குளுக்கோசாகவே முடிகின்றன. குரக்கனும் மாப்பொருளே. தவிட்டரிசியும் குரக்கனும் நார்ச்சத்து உடையவை, அவ்வகையிற் சிறந்தவை. ஆனால் அளவைப் பொறுத்தே அவற்றின் நன்மை. சீனியில்லாத் தேநீரைப் பெருமையோடு கேட்டு வாங்கிய கையாலேயே சோற்றை மலைபோற் குவிப்பவரை நாம் கண்டதில்லையா? "மெலிந்தவருக்கு இது வராது" என்பதும் இத்தகையதே. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்நோய் வருவதை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 2004 இல் வெளியான தன் அறிக்கையில், ஆசியரைப் பொறுத்தவரை உடற்றிணிவுச் சுட்டி 23 இலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்றது. வெயிலில் மண்வெட்டி பிடிக்கும் ஒல்லியான கமக்காரரும் இதற்கு விலக்கல்லர்.

அச்சத்தைப் பெருக்கும் பேச்சுகளில் முதன்மையானது ஊசியைப் பற்றியது. "ஊசி தொடங்கிவிட்டதோ? அப்ப இனி முடிவுதான்" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்பர். வரலாறு இதற்கு நேர்மாறானது. 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில், சாவை எதிர்நோக்கிக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை முதலாம் வகை நோய் கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் கொடுக்கக்கூடியதாக இருந்தது பட்டினி ஒன்றே. அதுவும் சாவைச் சிறிது பின்தள்ளியதேயன்றி வெல்லவில்லை. ஆகவே ஊசி முடிவன்று. ஊசி இல்லாமையே முடிவாக இருந்தது. மின்சாரமற்ற போர்க்கால வன்னியில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்சுலின் குப்பியைப் புதைத்துக் குளிர்மை காத்தவர்களை நான் அறிவேன். இடம்பெயரும்போது உடைமைகளைக் கைவிட்டவர்கள் அக்குப்பியைக் கைவிடவில்லை. அவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அதே 1922 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்ட மற்றொருத்தி எலிசபெத் ஹியூஸ். அப்போதைய அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள். பட்டினி வைத்தியத்தால், பதினைந்து வயதை எட்டும் அப்பெண்ணின் எடை ஏறக்குறைய இருபது கிலோவாகக் குறைந்திருந்தது. இன்சுலின் அவளைக் காத்தது. பட்டம் பெற்றாள், மணம்புரிந்தாள், தாயானாள். ஏறத்தாழ 42,000 ஊசிகள் ஏற்றிக்கொண்டு எழுபத்து மூன்று வயது வரை வாழ்ந்து 1981 இல் மறைந்தாள். வியப்பு யாதெனில், மருத்துவத்தின் மாபெரும் வெற்றிக்குச் சான்றாக நடமாடிய அவ்வம்மையார், தம் நோயைப் பெரும்பாலும் எவருக்கும் சொல்லாது மறைத்தே வாழ்ந்தார். அதுபற்றிய ஆவணங்களையும் அழித்தார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திற் பிறந்தவரையும் ஊராரின் பார்வை அவ்வளவுக்கு அஞ்ச வைத்தது.

அமெரிக்க மாளிகையிற் செய்யக்கூடிய மறைப்பை வன்னிக் கமக்காரர் செய்தால் விளைவு வேறாகிறது. எமது பகுதியில் ஒருவர்க்கு நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவருக்கு மணப்பருவத்தில் ஒரு மகள். "அந்தக் குடும்பத்தில் சீனி ஓடுது" என்ற ஒரு சொல் போதும், பேச்சுக்கால் முறிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். பரிசோதனைத் துண்டை மனைவிக்கும் காட்டவில்லை. கிளினிக் பக்கம் போகவேயில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. கலியாணம் சிறப்பாக நடந்தது. அடுத்த போகத்தில் வயலிற் கிடந்த முட்கம்பி காலிற் கிழித்தது. நீண்டகாலம் கட்டுப்பாடின்றிக் கிடந்த நீரிழிவு கால் நரம்புகளின் உணர்ச்சியைக் குறைத்திருந்தமையால் நோவு தெரியவில்லை. புண் மணக்கத் தொடங்கிய பின்னரே வைத்தியசாலை சென்றார். பாதத்தின் முற்பகுதியை இழந்து அவர் கட்டிலிற் கிடந்தபோது பார்க்க வந்த சம்பந்தி, மெல்லிய குரலிற் சொன்னாராம்: "எனக்கும் பத்து வரியமாய் இருக்குது. நாங்களும் உங்களுக்குச் சொல்லேல்லை."

இரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் அஞ்சி மறைத்த அந்த நோய், உண்மையில் எவ்வளவு பொதுவானது! 2005 - 2006 இல் இலங்கையில் நடந்த பேராய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்றது. அவர்களில் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் தம் நோயைத் தாமே அறியாதிருந்தனர். அவ்வாய்விலும் போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. எண்ணப்படாத மக்களாகிய நாம், நம் நோயை நாமும் எண்ணாதிருத்தல் தகுமோ?

மருந்தைப் பற்றிய பேச்சுகளும் இவ்வகையினவே. "குளிசை போட்டால் கிட்னி பழுதாகும், பாவற்காய்ச் சாறு குடியுங்கோ, மாறிவிடும்" என்பது நாள்தோறும் கேட்கும் உபதேசம். காரணந் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பகுதியில் காணப்படுவதால், வன்னியில் இவ்வச்சம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமுமேயாம். பெரும்பாலோர் உட்கொள்ளும் மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்க்கு வைத்தியர் அதன் அளவைக் குறைப்பர், அல்லது நிறுத்துவர். இதைக் கண்டே குளிசையிற் பழி விழுந்தது போலும். இம்மருந்தின் மூலமும் ஐரோப்பிய நாட்டு வைத்தியத்திற் பயன்பட்ட ஒரு பூண்டுதான் என்பதை மூலிகை அன்பர்கள் அறிந்தால் மகிழ்வர். பாவற்காயைக் கறியாக்கி உண்பதற்குத் தடையில்லை. அதை நம்பி மருந்தை நிறுத்துவதே கேடு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் முதியோர்க்கு மட்டும் உரியதன்று. அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்டு, சில கிழமைகளில் மெலிந்துபோகும் பிள்ளையை 'வகுப்புக்குக் கள்ளம்' என்று கருதாது, உடனே வைத்தியரிடம் அனுப்புக. இன்சுலின் ஏற்றும் பிள்ளை திடீரென வியர்த்து, நடுங்கி, பொருத்தமின்றிப் பேசினால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது எனக் கொள்க. அவ்வேளையில் "உனக்குச் சீனி கூடாது" என்று தடுப்பவர் உயிருக்கே தீங்கு செய்பவர் ஆவர். மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும்; கால் மணி நேரத்திற் குணமில்லையேல் மீண்டும் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்திருப்பின் வாயில் எதையும் இடாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. "சின்னப் பிள்ளைக்கும் சீனியோ? தாய் என்ன கொடுத்து வளர்த்தவள்?" என்று பிள்ளையின் காதுபடப் பேசும் ஆசிரியர், அப்பிள்ளை வகுப்பறையில் ஊசியை ஒளிப்பதற்குக் கற்பிக்கிறார், ஒளித்த ஊசி தவறிய ஊசியாக அதிக நாள் செல்லாது.

அப்படியானால் எதுவுமே பேசலாகாதோ என்று அன்பர்கள் கேட்கலாம். பேசலாம், அறிந்து பேசலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018 இல், நீரிழிவு உடையவரோடு எச்சொற்களைப் பேசுவது, எவற்றைத் தவிர்ப்பது என்று வைத்தியர்களுக்கே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மனிதரை நோயின் பெயரால் அழைக்காதிருத்தல், குற்றஞ்சாட்டும் தொனியை விடுதல் முதலியன அதன் சாரம். 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழி நம்முடையது. 'சீனிக்காரர்' என்பதற்குப் பதிலாக 'நீரிழிவு உள்ளவர்' என்று சொல்ல நமக்கு அதிக முயற்சி தேவையில்லை. விருந்துக்கு வந்தவரிடம், 'இது உங்களுக்கு ஆகாது' என்றோ, 'எனக்காக ஒரு வாய்' என்றோ சொல்லாது, 'உங்களுக்கு எது எடுக்கட்டும்?' என்று கேட்டால் போதும். தம் உடம்பின் கணக்கை அவரே நாள்தோறும் பார்த்து வருகிறார். வேண்டியதை வேண்டிய அளவு அவரே எடுத்துக்கொள்வார்.

இவ்வூரில் கிளினிக் நாளன்று விடியற் புறத்தே, வெறுவயிற்றோடு கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எவர் கண்ணிலும் படாது நடந்து செல்வோர் சிலர் உண்டு. அவர்கள் அருகில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "நானும் கிளினிக்குக்குத்தான் போறன், ஏறுங்கோ" என்று உரத்த குரலில் அழைப்பதை நான் சில காலமாக வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். முதல் முறை தயங்குவர். இரண்டாம் முறை ஏறுவர். அண்மையில் ஒருவர் தம் அயலவரையும் அழைத்துக்கொண்டு வீதியோரத்தில் எனக்காகக் காத்து நின்றார்.